‘நீரீட்டுக் கரைசல்’: ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வங்கதேசத்தில் குழந்தை இறப்பு குறைந்த வரலாற்றைத் தமிழில் எழுத, வயிற்றுப்போக்கில் உடல் இழந்த நீரையும் உப்பையும் வாய்வழியே திருப்பித் தரும் கரைசலுக்கு (ஓ.ஆர்.எஸ்.) ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்படுகிறது. இங்கே பரிந்துரைக்கப்பட்ட ‘மறுநீரேற்றக் கரைசல்’ பொருளளவில் சரியே. ஆயினும் ‘நீரேற்று நிலையம்’ என்ற வழக்கால், நீரேற்றம் என்றதும் குழாயும் மோட்டாருமே நினைவுக்கு வருகின்றன.

‘வயிற்றுப்போக்கு மருந்து’ என்பதை நான் அறவே ஏற்கமாட்டேன். இக்கரைசல் போக்கை நிறுத்துவதில்லை. காலரா கண்ட சிறுகுடலிலும் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்து உள்ளே செல்லும் வழி கெடாமல் இருக்கிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உடலுக்குள் செல்கிறது. போக்கு நீடிக்கும்போதே குழந்தை பிழைக்கிறது. மருந்து என்று பெயரிட்டால், கொடுத்தும் நிற்கவில்லையே என்று தாய் அதைக் கைவிட்டுவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்து.

1968இல் டாக்காவில் காலரா நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட இம்முறையை, 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்த நிலையில், மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் கையாண்டார். முப்பது விழுக்காடு அளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பின்னர் 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தின் பிராக் (BRAC) தொண்டு அமைப்பின் பெண் ஊழியர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்றார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) தண்ணீர்: இவ்வளவுதான் பாடம். உப்பு மிகுந்தால் குழந்தைக்குக் கேடு என்பதால், தாயே தன் கையால் கலந்து காட்ட வேண்டும். சில வாரம் கழித்து வேறொருவர் வந்து தாயின் நினைவைச் சோதிப்பார். அதைப் பொறுத்தே ஊழியருக்கு ஊதியம். கற்பித்தேன் என்ற கணக்குக்கு அங்கே மதிப்பில்லை என்பதே எனக்கு இத்திட்டத்தில் மிகவும் பிடித்த அம்சம். 1990இல் ஆயிரம் பிறப்புக்கு 140க்கும் மேலிருந்த ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு இன்று ஏறத்தாழ 30. தடுப்பூசி, பெண் கல்வி, குடும்ப நலம் ஆகியவற்றுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

ஆகவே, ஏற்கெனவே நிலைத்துவிட்ட ‘நீரிழப்பு’ என்ற சொல்லுக்கு இணையாக ‘நீரீடு’ என்பதை முன்மொழிகிறேன். ‘இழப்பீடு’ தெரிந்தவருக்கு இது விளங்கும். உப்பு விடுபடுகிறதே என்று கேட்கலாம். வயிற்றுப்போக்கைப் பொறுத்தவரை மருத்துவத்தில் நீரிழப்பு என்பதே உப்பிழப்பையும் சேர்த்துத்தான் வழங்குகிறது. கரைசலை ‘நீரீட்டுக் கரைசல்’ என்றும், நரம்புவழி ஏற்றுவதிலிருந்து பிரித்துக்காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ‘வாய்வழி நீரீடு’ என்றும் எழுதலாம். பொட்டலத்தில் வரும் பொடிக்கு ‘நீரீட்டு உப்பு’ போதுமா, சமையல் உப்பென்று மயங்க இடமுண்டா என்பதை மருத்துவம் அறிந்த உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.