நோடு காலியாக மாட்டேன் என்கிறது, பிளாட்ஃபார்மையே மாற்றிவிடலாமா?

கேள்வி:
ஆறு பேர் டீம், 11 சர்வீஸ், எல்லாம் ஒரே மேனேஜ்டு குபர்னெட்டீஸ் (கன்டெய்னர்களைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) கிளஸ்டரில். கன்ட்ரோல் பிளேனை (கிளஸ்டரை இயக்கும் மூளை) அடுத்த வெர்ஷனுக்கு ஏற்றியது சுமுகமாக முடிந்தது, சர்வீஸ்கள் ஓடும் சர்வர்களான நோடுகளில்தான் வம்பு. நேற்று மதியம் பழைய நோடு ஒன்றைக் காலி செய்யக் கையாலேயே ட்ரெயின் போட்டேன், டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டை மீறுகிறது, 5 விநாடி கழித்து மறுபடி முயல்கிறேன் என்று அதே வரி ராத்திரி வரை ஓடிக்கொண்டே இருந்தது. மேலாளர் கடுப்பாகி வேறு பிளாட்ஃபார்ம் பாருங்கள் என்கிறார். அமேசானின் ஈகேஎஸ், கூகுளின் ஜிகேஇ, மைக்ரோசாஃப்ட்டின் ஏகேஎஸ், இல்லை குபர்னெட்டீஸே வேண்டாம் என்று அமேசானின் ஈசிஎஸ்? எதற்குப் போகலாம்?

பதில்:
அவசரப்படாதீர்கள். குபெக்டிஎல் கட்டளையில் பிடிபி பட்டியலை எடுங்கள் (அந்த டிஸ்ரப்ஷன் பட்ஜெட்தான், ஒரே நேரத்தில் ஒரு சர்வீஸின் எத்தனை பாடை, அதாவது ஓடும் பிரதியை, நிறுத்தலாம் என்ற வரம்பு), 'அலவ்டு டிஸ்ரப்ஷன்ஸ்' பத்தியில் எங்கேயாவது 0 இருக்கிறதா?

கேட்டவர்:
பேமென்ட் சர்வீஸுக்கு 0. மின் அவெய்லபிள் 1, ரெப்ளிகாவும் (பாடுகளின் எண்ணிக்கை) 1. யாரோ பழைய ஹெல்ம் சார்ட்டிலிருந்து (தயார் அமைப்புத் தொகுப்பு) காப்பி அடித்திருக்கிறார்கள். (யார் எழுதியது என்று கிட் பிளேம் போட்டேன். அந்த யாரோ நான்தான்.)

பதில்:
அப்புறம் எப்படிக் காலியாகும்? இருப்பதே ஒரு பாட், குறைந்தது ஒன்று உயிரோடு இருக்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், அது கேட்கிறது. இதே யாமல் அமைப்புக் கோப்பைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனாலும் கதை மாறாது. ஈகேஎஸ் மேனேஜ்டு நோடு குரூப் 15 நிமிடம் பார்த்துவிட்டு எவிக்‌ஷன் தோல்வி என்று அப்டேட்டை நிறுத்திவிடும். ஜிகேஇ 1 மணி நேரம்வரை பிடிபியை மதிக்கும், அதற்கு மேல் பாடைத் தூக்கிவிடும். அங்கே அப்கிரேட் அழகாக முடிந்திருக்கும், பேமென்ட்தான் படுத்திருக்கும். ரெப்ளிகாவை 2 ஆக்கிவிட்டு மறுபடி ட்ரெயின் போடுங்கள்.

இன்னொருவர்:
மேலாளர் கேட்டதும் தப்பில்லை. குபர்னெட்டீஸில் வருஷத்துக்கு மூன்று வெர்ஷன் வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 14 மாதம் போல. எந்த கம்பெனியிடம் வாங்கினாலும் இந்த ஓட்டம் உண்டு. ஈகேஎஸ்ஸில் தூங்கிவிட்டால் எக்ஸ்டெண்டட் சப்போர்ட்டில் இன்னும் 12 மாதம் கிடைக்கும், ஆனால் கிளஸ்டருக்கான மணிக்கட்டணம் ஆறு மடங்கு. ஆறு பேரில் இதற்கென்று ஒருவர்கூட இல்லை என்றால், எல்லாமே சாதாரண எச்டிடிபி சர்வீஸ் என்றால், ஈசிஎஸ்ஸும், சர்வரை அமேசானே பார்த்துக்கொள்ளும் ஃபார்கேட்டும் போதும். வெர்ஷன் துரத்தலும் இல்லை, நோடும் இல்லை.

முதலில் பதில் சொன்னவர்:
போதும்தான், ஆனால் ஆபரேட்டர், சிஆர்டி (குபர்னெட்டீஸுக்கென்றே எழுதிய கூடுதல் தானியங்கி நிரல்கள், அவற்றின் தனி வகைகள்) ஏதாவது வைத்திருந்தால் அதை எல்லாம் ஈசிஎஸ்ஸின் டாஸ்க் டெஃபினிஷனாக மாற்றி எழுதி மாளாது. அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குபர்னெட்டீஸிலேயே இருப்பதானால் ஜிகேஇ ஆட்டோபைலட்டில் நோடு பராமரிப்பு உங்கள் தலையில் விழாது, பிடிபி மட்டும் அங்கேயும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

கேட்டவர்:
ரெப்ளிகா 2 ஆக்கினேன், ஆறே நிமிடத்தில் நோடு காலி. ஆபரேட்டர் ஒன்றே ஒன்று இருக்கிறது, சான்றிதழ் புதுப்பிக்க. மாறுகிற பேச்சை அடுத்த வெர்ஷன்வரை தள்ளி வைத்தாயிற்று. ஆனால் இப்போது பார்த்தால் பேமென்ட்டின் ரெண்டு பாடும் ஒரே நோடில் போய் உட்கார்ந்திருக்கின்றன!

பதில்:
பாடுகளை வெவ்வேறு நோடுகளில் பரப்பச் சொல்லும் டோபாலஜி ஸ்ப்ரெட் கன்ஸ்ட்ரெயின்ட் சேருங்கள், ஹோஸ்ட்நேம் கீ, மேக்ஸ் ஸ்க்யூ 1, 'டு நாட் ஷெட்யூல்'. ஓடுகிற பாட் தானாக இடம் மாறாது, ஆனால் பாட் டெம்ப்ளேட் மாறுவதால் அப்ளை போட்டதும் ரோல்அவுட் (பழைய பாடுகளுக்குப் பதில் புதியவை வருவது) கிளம்பிவிடும். பழைய பாடுகளும் கணக்கில் வருவதால் முடிந்ததும் எங்கே உட்கார்ந்தன என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.