பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வருபவரைப் பற்றி விசாரித்தீர்களா? உங்கள் அனுபவம் என்ன?

புதுப்பாளையம் அம்மா எழுதியது:

கடலூரில் எங்கள் தெருப் பெற்றோர் சிலர் சேர்ந்து, ஒரு மண்டபத்து மாடியை மாலை வேளைக்கு வாடகைக்கு எடுத்து கணக்கு டியூஷன், ஓவியம், சிலம்பம் எல்லாம் நடத்துகிறோம். சொல்லித்தர யாரைச் சேர்ப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். கோடை விடுமுறைக்குக் கொஞ்சம் முன்னால் சிலம்ப மாஸ்டர் ஒருவர் வந்தார். கம்பு சுற்றுவதில் கெட்டிக்காரர், அதை மறுக்க முடியாது. ஒரு நாள் வந்து சுற்றிக் காட்டியதற்கே "அந்த மாஸ்டர் எப்ப வருவார்?" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

புதிதாக யார் வந்தாலும் ஆதார் நகல், காவல்துறை சரிபார்ப்புச் சான்று, இதற்கு முன் சொல்லிக்கொடுத்த இடங்களின் ஃபோன் நம்பர், இவ்வளவும் வாங்கிவிடுவேன். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் அவரவரே விண்ணப்பித்து, பணம் கட்டி, சான்று வாங்கிக்கொள்ளலாம். மாஸ்டரும் வாங்கி வந்தார். அவர் பேரில் வழக்கு எதுவும் இல்லை என்று இருந்தது. "அப்புறம் என்னக்கா, சேர்த்துக்கலாமே" என்றார்கள் எல்லோரும்.

ஃபோன் நம்பர் மட்டும் வரவே இல்லை. முதலில் பழைய ஃபோன் தொலைந்துவிட்டது என்றார். அடுத்த தடவை கேட்டபோது, அங்கே நிர்வாகம் மாறிவிட்டது என்றார். கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பேச்சுவாக்கில் புதுச்சேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் வகுப்பு எடுத்ததாகச் சொல்லியிருந்தார். முள்ளோடை தாண்டினால் வேறு அரசு, வேறு போலீஸ். பஸ் ஏறினால் பக்கத்து ஊர்தான், ஆனால் இங்குள்ள ஸ்டேஷனில் கேட்டால் அங்கே நடந்தது தெரிந்திருக்க வேண்டியதில்லை. என் தம்பி மனைவிக்குப் பிறந்த வீடு அந்தப் பக்கத்துக் கன்னியக்கோயில். அவள் மூலம் அந்த வகுப்பை நடத்திய அம்மாவைக் கண்டுபிடித்துப் பேசினேன். வெகுநேரம் மழுப்பிவிட்டுக் கடைசியில் சொன்னார்: "போலீசுக்கெல்லாம் போகலைம்மா. வகுப்பு முடிஞ்சப்புறம் ஒரு பொண்ணை மட்டும் நிறுத்திவச்சுக்குவார். ராத்திரியில வாட்ஸ்அப் அனுப்புவார். தொட்டுப் பேசறார்னு பொண்ணு அழுதுச்சு. பொண்ணு பேரு வெளிய வந்துடுமேன்னு, இனிமே வராதீங்கன்னு அனுப்பிட்டோம்."

பெண் பெயர் வெளியே வரும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்று, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டமே சொல்கிறது. ஒரு நிறுவனத்தை நடத்துபவர் தனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அவர் அனுப்பிவிட்டதாக நினைத்தார். நடந்தது என்னவென்றால், அந்த ஆள் பஸ் ஏறி எங்கள் பிள்ளைகளிடம் வந்து நின்றார். நான் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்துத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அந்த அம்மாவையும் பேச வைத்தேன்.

எங்கள் குழுவிலேயே ஒருவர், "ஒருத்தர் பொழப்பைக் கெடுக்கறீங்களே" என்றார். பிழைப்புக்கு ஊரில் எத்தனையோ வேலை இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம் என்பதுதான் என் பதில், இன்றைக்கும்.

லாஸ்பேட்டைக்காரன் (புதுச்சேரி) எழுதியது:

அக்கா, அந்தப் பழைய நம்பரை விடாமல் கேட்டீர்களே, அதற்காகவே எழுதுகிறேன். நான் சில வருடம் லண்டனில் இருந்தேன். அங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டுப் போனேன். சம்பளம் கிடையாது, சும்மா தொண்டு. அதற்கே டி.பி.எஸ் என்ற அரசு அமைப்பு மூலம் என்னைப் பற்றி விசாரித்தார்கள். முன்பு குடியிருந்த முகவரிகளை விடுபடாமல் கேட்டார்கள். என்னைத் தெரிந்த இரண்டு பேரிடம் கடிதம் கேட்டார்கள். அது வந்து சேரும்வரை வகுப்பில் தனியாக விடவில்லை. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியை நம் யாழ்ப்பாணத்து அம்மா. "குறை நினைக்காதேங்கோ தம்பி, எனக்கும் இதே மாதிரித்தான்" என்றார்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று அவரிடமே கேட்டேன். 2002-இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவன், அங்கே ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்தவன். அதற்கு முன் ஹம்பர்சைடு பகுதியில் இருந்தபோது அவன்மேல் பல புகார்கள் போலீஸ்வரை வந்திருந்தன. எதிலும் தண்டனை ஆகவில்லை. அந்தத் தகவல் கேம்பிரிட்ஜ்ஷயரில் அவனை வேலைக்கு எடுத்தவர்களிடம் போய்ச் சேரவே இல்லை. இதை விசாரித்த பிச்சார்ட் குழு 2004-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு 2006-இல் தனிச் சட்டமே வந்தது. தண்டனை பெற்றவர்களை மட்டும் பார்ப்பதோடு அவர்கள் நிற்பதில்லை. தொடர்புடைய தகவல் என்று போலீஸ் கருதுவதும் சான்றில் வரலாம்.

இங்கே 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தகவல் தொகுப்பை மத்திய அரசு தொடங்கியது. அது காவல்துறையின் உபயோகத்துக்கு மட்டும்தான், நீங்களோ நானோ திறந்து பார்க்க முடியாது. ஆகையால் பழைய இடத்துக்கு ஒரு ஃபோன் போடுவதை விட்டால் நமக்கு வேறு வழி குறைவு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே ஹம்பர்சைடும் கேம்பிரிட்ஜ்ஷயரும் போல அவ்வளவு தூரம்கூட இல்லையே என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

வேன் ஓட்டுநர், நெல்லிக்குப்பம்:

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். சேரும்போது லைசென்ஸ், பேட்ஜ் நகல் வாங்கினார்கள், போலீஸ் சான்றும் கேட்டார்கள், கொடுத்தேன். நல்ல விஷயம்தான், எனக்கும் பெண் குழந்தை இருக்கிறது. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்றால் ஆக்டிங் டிரைவர் வருவார். அவர் யார், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. காலை ஏழு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும், ஆள் கிடைத்தால் போதும் என்ற அவசரம். வண்டியில் ஆயாம்மா இல்லாத நாளில் முதல் ஸ்டாப்பில் ஏறும் குழந்தை கொஞ்ச நேரம் அந்த ஆளோடு தனியாகத்தான் வரும். நிர்வாகத்திடம் இதைச் சொல்லி, ஆக்டிங் டிரைவர்கள் நாலைந்து பேரை முன்கூட்டியே சரிபார்த்துப் பட்டியல் வைக்கச் சொன்னேன். இப்போது வைத்திருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற வார்டன் எழுதியது:

2004 சுனாமிக்குப் பிறகு, தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்காகக் கடலூரில் அரசு இல்லம் திறந்தார்கள். அந்தக் காலத்தில் நான் இந்த வேலையில்தான் இருந்தேன். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம் என்று குப்பம் குப்பமாக எங்கெங்கிருந்தோ உதவி செய்ய ஆட்கள் வந்து குவிந்தார்கள். பெரும்பாலோர் நல்ல மனசோடு வந்தவர்கள். ஆனால் நல்லவர் யார், மற்றவர் யார் என்று நெற்றியிலா எழுதியிருக்கிறது? பெற்றோரை இழந்த பிள்ளைகளைத் தத்துக் கொடுப்பதை அரசு அப்போது நிறுத்தி வைத்திருந்தது.

ஒரு நாள் காரில் ஒரு தம்பதி வந்தார்கள். போர்வை, புதுத் துணி, பிஸ்கட் பெட்டி எல்லாம் இறக்கி வைத்தார்கள். அப்புறம் அந்த ஐயா, "ரெண்டு பிள்ளைங்களை ஞாயிற்றுக்கிழமைக்குச் சென்னை கூட்டிப்போய்ச் சுத்திக் காட்டிட்டு வந்து விட்டுடறோம்" என்றார். அதிகாரியின் எழுத்து உத்தரவு வேண்டும் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இவ்வளவு கொடுத்திருக்கோம், நம்பிக்கை இல்லையா?" என்றார். கொடுத்ததற்கு ரசீது போட்டுக் கொடுத்தேன், பிள்ளைகளை அனுப்பவில்லை. அந்த ஐயா நல்லவராகவே இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை.

2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளிக்குள் போலி என்.சி.சி முகாம் நடந்ததே, நினைவிருக்கிறதா? என்.சி.சி-க்கும் அந்த முகாமுக்கும் சம்பந்தமே இல்லை. சீருடை போட்டுவந்த ஆளை நம்பி மாணவிகளை இரவில் பள்ளியிலேயே தங்கவைத்தார்கள். என்.சி.சி அலுவலகத்தில் ஒருவர் விசாரித்திருந்தால் அது முதல் நாளே நின்றிருக்கும்.

புதுப்பாளையம் அம்மா மறுபடியும்:

தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், எல்லோருக்கும் உதவும் என்று இங்கேயே சொல்கிறேன்.

முதலாவது, பள்ளிக்கூடம் அல்லாத எங்கள் மாதிரி இடத்துக்கும் ஊழியரைச் சரிபார்க்கும் விதி உண்டா என்று. 2020 மார்ச்சில் வந்த போக்சோ விதிகள், குழந்தைகள் தங்கும் இடம், அவர்களோடு தொடர்ந்து பழகும் இடம் எல்லாவற்றையும் சொல்கின்றன. பள்ளி, காப்பகம், விளையாட்டுப் பயிற்சிக்கூடம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. பாடம் எடுப்பவர், எடுக்காதவர், நிரந்தரம், ஒப்பந்தம் என்ற வித்தியாசம் இல்லாமல் ஊழியர் ஒவ்வொருவரையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். ஒரு தடவை வாங்கிய சான்றை ஃபைலில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. எங்களிடம் கூட்டிப் பெருக்கும் அம்மாவும் கொடுத்திருக்கிறார். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். பிள்ளைகளுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குரூப்பில்தான் போட வேண்டும். சேரும்போதே இதைப் படித்துக் கையெழுத்துப் போடச் சொல்லிவிடுவோம்.

இரண்டாவது, கையில் ஆதாரம் இல்லை, சந்தேகம்தான், புகார் கொடுத்தால் நம் மேலேயே திரும்புமா என்று. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்குப் போட முடியாது, போக்சோவில் 19-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டியதில்லை, வீட்டுக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியாக இருக்க வேண்டும், சீருடையில் வரக் கூடாது. 1098 புதுச்சேரியிலும் இங்கேயும் ஒரே நம்பர்தான். பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் 14417-உம் இருக்கிறது. லாஸ்பேட்டைத் தம்பி, உங்கள் பக்கத்து வகுப்பு நடத்துபவர்களின் நம்பர் இருந்தால் எனக்கு அனுப்புங்கள். இங்கிருந்து யாராவது அங்கே வேலை கேட்டு வந்தால், அவர்களும் என்னைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.