2.4 மீட்டர் குழாய்ப் பள்ளம்: "மண் கெட்டி, முட்டு வேண்டாம்" என்றால் யார் பொறுப்பு?

தூக்குநூல் (கேள்வி; பதில் சொல்பவர்கள் களிமண், பட்டியல், ஆழம் என்ற புனைபெயர்களில்):

கழிவுநீர்க் குழாய் பதிக்கும் வேலை. பள்ளம் 2.4 மீட்டர் ஆழம், அடியில் 0.9 மீட்டர் அகலம், சுவர் இரண்டும் செங்குத்து. ஒரு பக்கம் 1 மீட்டர் தள்ளிப் பழைய தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. தோண்டிய மண் விளிம்பிலேயே குவிந்து கிடக்கிறது. முட்டு (சுவர் சரியாமல் தாங்கும் பலகையும் கம்பமும்) கேட்டால் சப்-காண்ட்ராக்டர், "களிமண், மூன்று நாளாக ஒரு கட்டிகூட விழவில்லை" என்கிறார். மெயின் காண்ட்ராக்டர் ஒப்பந்தத்தைக் காட்டி, "பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு" என்கிறார். மூன்று நாள் நின்ற மண்ணை நம்பலாமா? எழுத்தில் தள்ளிவிட்டால் மெயின் காண்ட்ராக்டர் கைகழுவிவிட முடியுமா?

களிமண்:

மூன்று நாள் நின்றது நல்ல அறிகுறி இல்லை, கெடு நெருங்குகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். களிமண்ணைத் தோண்டியதும் பக்கவாட்டு அழுத்தம் போய்விடும். அப்போது மண்ணுக்குள் இருக்கும் நீர் உறிஞ்சுவதுபோல் துகள்களை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு தற்காலிகம்தான். சுற்றியுள்ள ஈரம் உள்ளே ஊற ஊறத் தளரும். வெளி முகமோ காய்ந்து வெடிக்கும். தோண்டிய அன்று கத்தியால் வெட்டியதுபோல் நின்ற சுவர், தொடாமலே நான்காம் நாள் பாளமாகச் சாய்வது இப்படித்தான்.

முதல் வேலை, மண் குவியலை நகர்த்துங்கள். விளிம்பிலிருந்து 60 செ.மீ. என்பது குறைந்தபட்சம், அது கட்டிகள் உருண்டு உள்ளே விழாமல் இருக்க மட்டுமே. இடம் இருந்தால் பள்ளத்தின் ஆழத்துக்குச் சமமான தூரம் தள்ளுங்கள். குவியலால் இன்னொரு கெடுதலும் உண்டு. இழுவிசை விரிசல் (சுவர் சாயுமுன் மேல்மண் இழுபட்டுப் பிளப்பது) பெரும்பாலும் விளிம்பிலிருந்து ஆழத்தில் பாதி முதல் முக்கால் பங்கு தூரத்தில், உங்கள் கணக்கில் 1.2 முதல் 1.8 மீட்டருக்குள், விளிம்புக்கு இணையாக ஓடும். அந்த இடத்தில் மண்ணைக் கொட்டி வைத்தால் விரிசல் யார் கண்ணிலும் படாது.

பழைய குழாய்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. அதைப் பதித்தபோது தோண்டி நிரப்பிய மண் அங்கே இருக்கிறது. ஒருமுறை கலைந்த மண் பழைய பிடிமானத்துக்குத் திரும்பாது. உங்கள் பள்ளத்துக்கும் அதற்கும் நடுவில் நிற்பது மெல்லிய மண் தடுப்பு. குழாய் கசிந்தால் அதுவும் போச்சு. அந்தப் பக்கத்தை மணலாகவே கருதுங்கள்.

கட்டை விரல் சோதனையைக் காய்ந்த சுவரில் செய்யாதீர்கள், எக்ஸ்கவேட்டர் வாளியில் அப்போது வந்த கட்டியில் செய்யுங்கள். பலமாக அழுத்தினால்தான் தடம் விழுகிறதா, கெட்டி. சுலபமாகப் புதைகிறதா, பலவீனம். சந்தேகம் வந்தால் பலவீனம் என்றே வையுங்கள்.

பட்டியல்:

இரண்டாவது கேள்விக்கு: கைகழுவ முடியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு 167-ஆவது உடன்படிக்கை, கட்டுமானப் பாதுகாப்புக்கானது. ஒரே தளத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட முதலாளிகள் ஒரே சமயத்தில் வேலை செய்தால், பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒருங்கிணைப்பதும் அவை நடப்பதை உறுதிசெய்வதும் முதன்மை ஒப்பந்ததாரர் கடமை என்கிறது அதன் 8-ஆவது பிரிவு. கூடவே, தன் அதிகாரத்தில் உள்ள ஆட்களுக்கு ஒவ்வொரு முதலாளியும் பொறுப்பு. ஒருவர் பொறுப்பு மற்றவர் பொறுப்பை அழிக்காது. ஒப்பந்த வரி இழப்பைப் பங்கு போட உதவலாம், கடமையை இறக்கி வைக்க உதவாது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக இடறுவது விலைப்பட்டியலில்தான். "குழாய் பதித்தல், ஒரு மீட்டருக்கு இவ்வளவு, முட்டு உட்பட" என்று ஒரே வரியாகப் போட்டால், முட்டு வைக்காத ஒவ்வொரு மீட்டரும் சப்-காண்ட்ராக்டருக்கு லாபம். முட்டைத் தனி வரியாக, தாங்கப்பட்ட சுவர்ப் பரப்பின் சதுர மீட்டர் கணக்கில் அளந்து பணம் கொடுங்கள். மறுநாளே பலகை வந்து இறங்கும்.

வேலையை நிறுத்தும் அதிகாரம் உள்ள ஒருவரைப் பெயர் குறித்து எழுத்தில் நியமியுங்கள். வேலை தொடங்குமுன் தினமும், மழைக்குப் பின், பக்கத்தில் கனரக வண்டி ஓடிய பின் அவர் பள்ளத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பும் தொழிலாளி விலகி நிற்கலாம், மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேண்டும் என்கிறது 12-ஆவது பிரிவு. ஹெல்மெட், பூட்ஸ் இலவசமாகத் தருவதும் முதலாளி கடமைதான். ஆனால் மண் சரிவுக்கு ஹெல்மெட் பதில் ஆகாது.

ஆழம்:

சரித்து வெட்டலாம் என்று யாராவது சொல்வதற்குள் கணக்கைப் பாருங்கள். நடுத்தர மண்ணுக்கு 1:1 சரிவு (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர் அகலம்), மேல் அகலம் 0.9 + 2.4 + 2.4 = 5.7 மீட்டர். பலவீன மண்ணுக்கு 1.5:1, அது 8.1 மீட்டர். பழைய குழாய் 1 மீட்டரில் இருக்கும்போது இதற்கு இடமே இல்லை. டிரெஞ்ச் பாக்ஸ் (பள்ளத்துக்குள் இறக்கும் உறுதியான தடுப்புப் பெட்டி) அல்லது ஹைட்ராலிக் முட்டுதான் (திரவ அழுத்தத்தால் இரு சுவரையும் தள்ளிப் பிடிப்பது) வழி.

பாக்ஸ் இருந்தும் ஆள் மாட்டுவது மூன்று இடத்தில். குழாயைக் கொக்கியில் மாட்ட பாக்ஸை விட்டு இரண்டு எட்டு வெளியே வருவது. பாக்ஸை ஏற்றி இறக்கும்போது உள்ளேயே நிற்பது. பாக்ஸுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை நிரப்பாமல் விடுவது. மண் சரிந்தால் மோதி பாக்ஸே நகரும். ஹைட்ராலிக் முட்டை மேலிருந்து கீழாகப் போடுங்கள், எடுக்கும்போது கீழிருந்து மேலாக. ஏணி எந்த ஆளிடமிருந்தும் 7.5 மீட்டருக்குள், விளிம்புக்கு மேல் 1 மீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கட்டும். எக்ஸ்கவேட்டர் வாளி ஏணி அல்ல.

அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் 1.5 மீட்டர் ஆழத்திலிருந்து தாங்கல் கட்டாயம், உறுதியான பாறை மட்டும் விலக்கு. அதற்காக 1.4 மீட்டரில் பயமில்லை என்று படிக்காதீர்கள். குழாய் மூட்டை ஒட்டக் குனிந்தவருக்கு இடுப்பளவுப் பள்ளமும் தலைக்கு மேல்தான். 2 மீட்டர் நீளம், அரை மீட்டர் தடிமன் உள்ள பாளம் உங்கள் ஆழத்தில் ஏறத்தாழ 4 டன் எடை.

தூக்குநூல்:

பாக்ஸ் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை?

ஆழம்:

ஆள் இறங்கக் கூடாது. சுற்றித் தடுப்புக் கட்டி, பழைய குழாய்ப் பக்கம் பாதி ஆழத்துக்காவது மண்ணைத் திருப்பிப் போடுங்கள், இயந்திரத்தை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்தி. பாக்ஸ் வந்தபின் பழைய கழிவுநீர்த் தொட்டியோடு இணைக்கும் கட்டத்தில் வாயு மீட்டரைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி மூன்றிலும் பாருங்கள். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ ஹைட்ரஜன் சல்ஃபைடு காட்டினாலோ காற்றை ஊதி மீண்டும் அளந்த பிறகே இறங்கலாம். அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டதே என்று இறங்காதீர்கள், அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துப் போகும்.

களிமண்:

ஒன்று சேர்க்கிறேன். சரிந்துவிட்டால் காப்பாற்றக் கூட இருப்பவர்கள் உடனே குதிப்பார்கள், இரண்டாவது சரிவில் அவர்களும் மாட்டுவார்கள். எக்ஸ்கவேட்டரால் ஆளைத் தோண்டி எடுக்கவும் கூடாது. இயந்திரத்தை நிறுத்தி, எல்லாரையும் விளிம்பிலிருந்து விலக்கி, மீட்புக் குழுவை அழைத்து, ஆள் கடைசியாக நின்ற இடத்தைக் குறித்து வையுங்கள்.