உம்மாவைக் கப்பலில் கூட்டிப்போகலாமா?

கீழக்கரை தம்பி:
சென்னையிலிருந்து இலங்கை போய்வரும் சொகுசுக் கப்பலில் வாப்பா, உம்மாவை மார்ச்சில் கூட்டிப்போக ஆசை. உம்மாவுக்கு ராமநாதபுரம் பஸ்ஸிலேயே குமட்டும். எந்த அறை எடுக்கலாம்? போனவங்க சொல்லுங்க.

மண்டபம் காக்கா:
தாராளமா கூட்டிப்போங்க தம்பி. மார்ச் நல்ல மாசம். ஐப்பசி, கார்த்திகைன்னா வேண்டாம்னே சொல்லியிருப்பேன். வாடைக்காத்துல வங்கக்கடல் பெரிய கப்பலையும் ஆட்டும். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்க, ஆட்டம் அங்கதான் குறைவு. உயரத்துல இருக்குற பால்கனி அறைக்குப் பணத்தைக் கொட்டாதீங்க, உம்மாவுக்கு ஆகாது. குமட்டல் மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டு, கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே கொடுங்க. குமட்ட ஆரம்பிச்ச பிறகு கொடுத்தா வயித்துல தங்காது. வெறும் வயிறும் கூடாது. தலை சுத்தினா மேல்தளத்துக் காத்துல நின்னு, தூரத்துல வானமும் கடலும் சேருற கோட்டையே பார்க்கச் சொல்லுங்க.

பெரிய பெட்டியைத் துறைமுகத்துல வாங்கிக்குவாங்க, அறைக்கு வரத் தாமதமாகும். மருந்து, பாஸ்போர்ட், மாத்துத்துணி கைப்பையில இருக்கட்டும்.

தங்கச்சிமடம் அக்கா:
முதல் நாளே சென்னை போயிருங்க. ரயில் தாமதமானா கப்பல் காத்திருக்காது. கடல்ல போனை ஏர்ப்ளேன் மோடுல போடுங்க, இல்லாட்டி பில் எகிறும்.

கீழக்கரை தம்பி:
நன்றி காக்கா, நன்றி அக்கா. கப்பல்லேருந்து பார்த்தா பாம்பன் தெரியுமான்னு வாப்பா கேட்கிறார்.

மண்டபம் காக்கா:
தெரியாது. ராமர் பாலத்துத் திட்டுகள்ல சில மீட்டர் ஆழம்தான், அந்தக் கப்பல் நுழையவே முடியாது. யாழ்ப்பாணம் மட்டும் போதும்னா நாகப்பட்டினத்துலேருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர்ல கப்பல் விட்டாங்க. மழைக்காலத்துல நிறுத்திருவாங்க, விசாரிச்சுட்டுப் போங்க.