அடுத்த பெருந்தொற்றுக்கு மழலையர் மையத் திட்டம்: 2020-ல் மையம் நடத்தியவர்கள் சொல்லுங்கள்

புதுமுற்றம்

வணக்கம். பெற்றோர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய மழலையர் மையம் எங்களுடையது. இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம். ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரை 26 குழந்தைகள், நான்கு பராமரிப்பாளர்கள். மறுபடியும் கொரோனா போல ஒன்று வந்தால் என்ன செய்வது என்று திட்டம் எழுதும் வேலையை நிர்வாகக் குழு என்னிடம் கொடுத்திருக்கிறது. குழு தந்த வரைவில் வாசலில் காய்ச்சல் பார்ப்பது, தினமும் அறை முழுக்கக் கிருமிநாசினி தெளிப்பது, எல்லாக் குழந்தைகளுக்கும் மாஸ்க் என்று இருக்கிறது. கையிருப்பு மிகக் குறைவு. பணத்தையும் உழைப்பையும் எதில் போடுவது?

தாழ்வாரம்

முதலில் அந்த மாஸ்க் வரியை எடுத்துவிடுங்கள். ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள் மாஸ்க் போடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2020 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டன. இரண்டு வயதுக்குக் கீழே போடவே கூடாது, மூச்சுத் திணறினால் தானாகக் கழற்றத் தெரியாது. பெரியவர்கள் போட்டால் போதும்.

காலைமணி

அந்த இரண்டு வருடமும் இதே போன்ற ஒரு மையத்துக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள், அதனால் மொத்தமாக மூட முடியவில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெளிப்பது வேண்டவே வேண்டாம். அறைக்குள் கிருமிநாசினியைப் புகைபோல அடிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மே மாதமே சொல்லிவிட்டது. குழந்தைகளின் கண்ணும் நுரையீரலும்தான் அதனால் பாதிக்கப்படும். கை படும் இடங்களைச் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் மட்டும் பிளீச் கரைசல். 5 சதவீத பிளீச் என்றால் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், வேறு எந்தத் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது. வாயில் வைக்கும் பொம்மைகளைப் பிறகு நல்ல தண்ணீரில் அலசிக் காயவையுங்கள். சானிடைசர் புட்டியைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அதில் இருப்பது 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால், ஒரு மடக்கு உள்ளே போனாலே ஆபத்து.

காய்ச்சல் கருவிக்கும் அதிகம் செலவழிக்காதீர்கள். கொரோனாவில் அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியது. கருவியில் பச்சை விளக்கு எரிந்ததும் எல்லோரும் அசட்டையாகிவிடுகிறார்கள், அது இன்னும் மோசம்.

காற்றுதான் முக்கியம். ஜன்னல்களை எதிரெதிராகத் திறந்து, ஒரு பக்கம் காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்துங்கள். முடிந்தால் கரியமில வாயுவை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்குங்கள். வெளிக்காற்றில் 400 சொச்சம் காட்டும். அறையில் 800-ஐத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுக்கிறார் என்று பொருள், உடனே எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப் போய்விடலாம். உங்களுக்கு முற்றம் இருப்பது பெரிய பாக்கியம். கதை, பாட்டு, சாப்பாடு எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். சாப்பிடும் நேரத்தில் பெரியவர்களும் மாஸ்க்கைக் கழற்றுவதால் அதுதான் முதலில் வெளியே போக வேண்டியது.

அப்புறம் குழுக்கள். மூன்று வயதுக் குழந்தையிடம் 'தள்ளி நில்' என்று சொல்லிப் பயனில்லை, சொல்லவும் கூடாது. இரண்டு அறைக்கு இரண்டு குழு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெரியவர்கள், எந்தச் சூழலிலும் மாற்றிவிடக் கூடாது. கழிப்பறை, முற்றம் இரண்டுக்கும் தனித்தனி நேரம். அண்ணன் தம்பி இருந்தால் ஒரே குழுவில் போடுங்கள். ஒரு குழுவில் தொற்று வந்தால் மற்றது தொடர்ந்து நடக்கும். தொற்றுக்கு மட்டுமல்ல, வாசலில் அப்பாவின் கையை விட்டுப் பிரியும் குழந்தைக்கும் தினமும் அதே முகம் வேண்டும்.

முகம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எட்வர்ட் ட்ரானிக் என்ற உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் அம்மா திடீரென்று முகத்தை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரிக்கவைக்கப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் தளர்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாஸ்க் முகத்தை முழுதாக அப்படி ஆக்கிவிடாது, கண்ணும் குரலும் இருக்கின்றன. ஆனாலும் எங்கள் சின்னவர்கள் பேச்சைப் பிடிக்கத் திணறினார்கள். அதனால் காலையில் முற்றத்தில், சற்றுத் தள்ளி நின்று, மாஸ்க் இல்லாமல் பாட்டுப் பாடுவதை வழக்கமாக்கினோம். குழந்தைகள் பொம்மைக்கு ஊசி போட்டு, 'உனக்கு கொரோனா, வெளியே போ' என்று விளையாடுவார்கள். தடுக்காதீர்கள். பயத்தை அவர்கள் விளையாட்டில்தான் பேசித் தீர்க்கிறார்கள்.

கடைசியாக, உங்கள் வரைவில் இல்லாத ஒன்று: சம்பளத்தோடு விடுப்பு. ஒரு நாள் வராவிட்டால் சம்பளம் போகும் என்றால், தொண்டை வலிக்கும் பராமரிப்பாளர் மாத்திரை போட்டுக்கொண்டு வரத்தான் செய்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. கருவிகளுக்கு ஒதுக்கும் பணத்தை இதில் போடுங்கள்.

புதுமுற்றம்

அக்கா, மிக்க நன்றி. விடுப்பு எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. ஆனால் மையம் மூடினால் கட்டணமும் நின்றுவிடுமே, சம்பளம் எங்கிருந்து கொடுப்பது?

பேரேடு

எங்கள் மையத்தில் கணக்குப் பார்த்தவன் நான். மூடிய பிறகு கட்டணம் கேட்டால் சண்டைதான் வரும். இப்போதே, எல்லோரும் அமைதியாக இருக்கும்போது, சேர்க்கைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: மூடியிருக்கும் காலத்தில் பாதிக் கட்டணம், அது முழுக்கச் சம்பளத்துக்கு. வேலை இழந்த குடும்பத்துக்கு விலக்கு, காரணம் ஒருவரிடம் மட்டும் சொன்னால் போதும். அந்த ஒருவர் நிர்வாகக் குழுத் தலைவராக இல்லாமல் இருப்பது நல்லது, பலர் தலைவரிடம் கேட்கக் கூச்சப்படுவார்கள். மாதக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கைத் தனிக் கணக்கில் சேர்த்தால் மீதியைச் சமாளிக்கலாம்.

காலைமணி

பேரேடு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, மூடும் முடிவை எடுப்பது யார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் என்று இரண்டு பேரைப் பெயரோடு எழுதி வையுங்கள். தொற்றுச் செய்தி இரவு பத்து மணிக்குத்தான் வரும், அப்போது கூட்டம் கூட்ட முடியாது. பெற்றோருக்கு அனுப்பும் செய்தியையும் இப்போதே எழுதிவிடுங்கள். எந்தக் குழு, எத்தனை நாள், யாரை அழைக்க வேண்டும் என்பது மட்டும் இருக்கட்டும், குழந்தையின் பெயர் வரக் கூடாது. வரைவு தயாரானதும் இங்கே போடுங்கள், படித்துப் பார்க்கிறேன்.