யாரைக் கூண்டில் ஏற்றலாம்? நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

மளிகைக்கடை அண்ணன்:

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியா கலவரம் நடந்த நாள். அப்போது சிங்கப்பூர் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், ஒரு மளிகைக்கடையில் எனக்கு வேலை. ஞாயிறு என்றால் இங்கே வேலைக்கு வந்த தம்பிகள் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு ஊறுகாய், அப்பளம், மசாலாப்பொடி வாங்க வந்துவிடுவார்கள். ராத்திரி ஒன்பதரை இருக்கும். ஒரு பையன் ஓடிவந்து, "அண்ணே, ஷட்டரை இழுங்க" என்றான். ரேஸ்கோர்ஸ் ரோடும் ஹேம்ப்ஷயர் ரோடும் சேருகிற இடத்தில் நம் ஆள் ஒருவர் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டாராம். அவன் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி உடைகிற சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்துத் தெருமுனை வரை போய்ப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் எரிந்துகொண்டிருந்தது. ஒருவன் சாக்கடை மூடியைத் தூக்கி ஓங்கினான். பக்கத்தில் நின்ற இன்னொருவன் "வேணாண்டா, விடுறா" என்று அவன் கையைப் பிடித்துத் தொங்கினான். இருவருமே கலையாத கூட்டத்தில் நின்றவர்கள்தான்.

பிறகு 25 பேர்மீது வழக்கு நடந்தது. 57 பேர் வழக்கே இல்லாமல் ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். கலையச் சொல்லியும் கலையவில்லை என்பதுதான் அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம். ஆம்புலன்ஸுக்குத் தீ வைத்தவன் ஜெயிலுக்குப் போகவேண்டும், எனக்கு அதில் இரண்டு பேச்சே இல்லை. உயிரைக் காப்பாற்ற வந்த வண்டி அது. ஆனால் கையைப் பிடித்து இழுத்தவன்? அவன் செய்தது இன்னதென்று சொல்ல ஒரு நீதிபதி முன்னால் நிற்கவேண்டாமா?

கடையில் கணக்கு வைத்திருந்த ஒரு தம்பி அதற்குப் பிறகு வரவே இல்லை. நோட்டில் அவன் பெயருக்கு நேரே 23 வெள்ளி 40 காசு பாக்கி. அதை அடிக்க மனசு வரவில்லை.

வன்னிப் பிள்ளை:

அண்ணா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் 2022 ஜூலை 14தான் ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் இலங்கையை விட்டு ஓடிவந்த சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினார். கிளிநொச்சியில் இருந்து அம்மா போன் எடுத்தா. "அவர் உங்கைதான் வந்து நிக்கிறாராம். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினமோ?" 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போன என் பெரியண்ணா திரும்பி வரவில்லை. அப்போது பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் அவர்தான்.

உண்மை மற்றும் நீதிக்கான சர்வதேச செயற்திட்டம் என்ற மனித உரிமை அமைப்பு இங்குள்ள தலைமைச் சட்ட அதிகாரியிடம் முறைப்பாடு கொடுத்தது. ஜெனீவா உடன்படிக்கைகளை மீறிய போர்க்குற்றம், அவரைக் கைது செய்து விசாரியுங்கள் என்று. சட்டவிரோதமாகக் கூட்டம் கூட வேண்டாம் என்று காவல்துறை எச்சரித்திருந்தது. அதை மதித்து நான் வீட்டிலேயே இருந்தேன். ஆகஸ்ட் 11 அவர் தாய்லாந்துக்கு விமானம் ஏறிவிட்டார்.

அதே ஆகஸ்டில் கொழும்பில் அவரை விரட்டிய மாணவர் தலைவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே போட்டார்கள். எங்கட பெடியளை 1979இல் இருந்து அள்ளிக்கொண்டுபோன அதே சட்டம். சனாதிபதி மாளிகைக்குள் போய்க் கட்டிலில் படுத்தவனுக்குப் பயங்கரவாதி என்று பெயர். ஆஸ்பத்திரிகள்மேல் ஷெல் விழுந்த நாட்களில் இராணுவத்துக்குப் பொறுப்பாக இருந்தவரிடம் ஒரு கேள்விகூட இல்லை. மாளிகையில் பொருளை உடைத்தவனை, எடுத்தவனைத் தண்டியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். பொறுப்பில் இருந்தவரை ஒரு நாளாவது விசாரியுங்கள்.

டாக்சிக்காரர்:

நம் முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரன் வழக்கில் அது நடந்ததே. 2024 அக்டோபர் 3 காலையில் வண்டியில் ரேடியோவில் கேட்டேன். அரசுத் தரப்பு கேட்டது ஆறு, ஏழு மாதம். நீதிபதி வின்சென்ட் ஹூங் கொடுத்தது 12 மாதம். பொதுப் பதவியில் இருந்துகொண்டு பெற்ற அன்பளிப்புகள் நான்கு லட்சம் வெள்ளிக்கு மேல். நம் தமிழர், நல்லா பேசுவார், எனக்கு வருத்தம்தான். ஆனாலும் தீர்ப்பு சரி.

அதே வருஷம் பிப்ரவரியில் தர்பூசணிப் படம் போட்ட குடையோடு எழுபது பேர் போல பிளாசா சிங்கப்பூரா கடைத்தொகுதியிலிருந்து அதிபர் மாளிகையான இஸ்தானாவுக்குப் பாலஸ்தீனத்துக்காகக் கடிதம் கொண்டுபோனார்கள். மூன்று பெண்கள்மீது வழக்கு. 2025 அக்டோபரில் மாவட்ட நீதிமன்றம் விடுவித்தது. அது தடைசெய்த பாதை என்று தெரிந்தே போனதாக நிரூபிக்கப்படவில்லை என்பதால். கடிதம் கொடுக்கப் போனதற்கு ஒன்றரை வருஷம் கோர்ட் அலைச்சல் எதற்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

அண்ணே, அந்த 23 வெள்ளித் தம்பி எந்த ஊர்? புதுக்கோட்டைப் பக்கம் என்றால் சொல்லுங்கள், தை மாதம் போகிறேன், விசாரித்துப் பார்க்கிறேன்.