போர்க்கால உறையில் 'தடஹிரோ' கையொப்பமிட்ட ஜப்பானிய வாள்: பழையதா, போருக்காகச் செய்யப்பட்டதா?

கேள்வி (இளவேனில்)

வணக்கம். 1945இல் பர்மாவில் சரணடைந்த ஜப்பானியப் படையினரின் ஆயுதங்களிலிருந்து எங்கள் தாத்தாவுக்கு அளிக்கப்பட்ட வாள் ஒன்று இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. உறைக்குப் பழுப்புத் தோல் போர்த்தியிருக்கிறது. பிடியில் திருக்கை மீனின் தோலுக்கு மேல் பழுப்பு நாடா பின்னியிருக்கிறது. கைக்காப்பில் செர்ரிப் பூக்கள் உள்ளன. பிடியின் தலைப்பில் சிறிய வெள்ளிச் சின்னம் ஒன்று பதிந்திருக்கிறது.

மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்துப் பிடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே செல்லும் இரும்புப் பகுதி கருத்துத் துருவேறியிருக்கிறது, அதில் இரண்டு துளைகள் உள்ளன. ஜப்பானிய மொழி அறிந்த நண்பர் ஒருவர், அதில் வெட்டியிருக்கும் எழுத்துகளை 'ஹிஸென் நாட்டு ஓமி தாய்ஜோ ஃபுஜிவாரா தடஹிரோ' என்று படித்துச் சொன்னார். இவர் 17ஆம் நூற்றாண்டுக் கொல்லர் என்று அறிகிறேன். உறையும் பிடியும் போர்க்காலத்தவையாக இருக்கும்போது வாள் மட்டும் அவ்வளவு பழையதாக இருக்க முடியுமா? எழுத்துகள் தெளிவாகத் தெரிவதற்காகத் துருவைத் தேய்த்து எடுக்கலாமா?

பதில் (உலைக்களம்)

முதலில் கடைசிக் கேள்விக்கு: தேய்க்காதீர்கள். எண்ணெய், எலுமிச்சை, உப்புத்தாள், எதுவுமே அங்கே படக்கூடாது. பிடிக்குள் மறைந்திருக்கும் அந்தப் பகுதியை நகாகோ என்பார்கள். வாளின் வயதைக் கணிப்பவர்கள் முதன்மையாக நம்புவது அதன் துருவைத்தான். சில நூற்றாண்டுகளில் படிந்த துரு கரும்பழுப்பாக, வழுவழுப்பாக, இரும்போடு ஒட்டியிருக்கும். அவசரமாக வரவழைத்த துரு செம்மஞ்சளாகப் பொடிந்து விரலில் ஒட்டும். ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்தச் சான்றும் போய்விடும், விலையும் போய்விடும்.

உறையையும் பிடியையும் வைத்து வாளைத் தீர்மானிக்க முடியாது. நீங்கள் விவரிப்பவை 1934, 1938 ஆகிய ஆண்டுகளில் வகுக்கப்பட்ட இராணுவ அதிகாரிகளின் மாதிரிகளோடு பொருந்துகின்றன. அதிகாரிகள் தங்கள் வாளைத் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டியிருந்ததால், வீட்டில் தலைமுறைகளாக இருந்த வாளுக்கே இராணுவப் பிடி போட்டுக்கொண்டு போருக்குப் போனவர்கள் பலர். தலைப்பிலுள்ள வெள்ளிச் சின்னம் குடும்ப முத்திரையாக இருக்கக்கூடும். அது குடும்ப வாள் என்பதற்கு உறுதியான சான்றல்ல, ஆனால் கவனித்துப் பார்க்கச் சொல்லும் ஒரு குறிப்பு. இதிலிருந்து முற்றிலும் வேறானது 1935இல் கீழ்நிலை அலுவலர்களுக்கென வந்த மாதிரி. அதன் பிடி வார்ப்பு உலோகத்தாலானது, இயந்திரத்தில் செய்த அலகில் வரிசை எண் பொறித்திருக்கும். உங்களுடையது அதுவல்ல.

கையொப்பத்தைப் பற்றி இப்போதைக்கு மகிழ வேண்டாம். 'ஓமி தாய்ஜோ' என்ற பட்டத்தைக் கொண்ட இரண்டாம் தலைமுறைத் தடஹிரோ ஹிஸென் நாட்டில், இன்றைய சாகா மாவட்டத்தில், நபெஷிமா பிரபுக்களின் ஆதரவில் மிக நீண்டகாலம் தொழில் செய்தவர். புகழ்பெற்ற பெயர் என்பதாலேயே போலிகளும் ஏராளம். ஆகவே பெயரை மறந்துவிட்டு இவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். வாளின் முனை மேலேயும் வெட்டுவாய் உங்கள் இடப்புறமும் இருக்கும்படி பிடித்தால் எழுத்துகள் உங்களை நோக்கி இருக்கின்றனவா, மறுபக்கம் இருக்கின்றனவா? இரண்டு துளைகளில் எது கையால் குடைந்தது போல ஒழுங்கற்று இருக்கிறது, எது துளைப்பான் போட்டது போல வட்டமாக இருக்கிறது? எழுத்துகள் எந்தத் துளைக்கு அருகில் தொடங்குகின்றன?

பதில் (நீர்த்தோய்வு)

இன்னொன்றையும் பாருங்கள். இருட்டறையில் ஒரே ஒரு விளக்கை வைத்து, வாளின் முனையை அதை நோக்கி நீட்டி, அலகின்மேல் ஒளி வழுக்கிச் செல்லும்படி மெல்லத் திருப்புங்கள். வெட்டுவாய் ஓரமாக ஓடும் வெண்ணிற எல்லைக்கு ஹமோன் என்று பெயர். முதுகில் கனமாகவும் வெட்டுவாயில் மெல்லியதாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்க்கும்போது, மண் மெல்லியதாக உள்ள இடம் விரைந்து குளிர்ந்து கடினமாவதால் உண்டாகும் எல்லை அது. மரபு முறையில் செய்த வாளில் அந்த எல்லை நெடுகக் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியும் மினுக்கமான துகள்களோ, பிரித்துப் பார்க்க முடியாத பனிமூட்டம் போன்ற ஒரு படலமோ இருக்கும். போர்க்காலத்தில் தொழிற்சாலைத் தகட்டை எண்ணெயில் தோய்த்துச் செய்தவற்றில் கோடு இருக்கும், ஆனால் அதற்குள் இத்தகைய மினுக்கங்கள் பெரும்பாலும் தெரியாது. அமிலம் பூசி வரைந்த போலிக் கோடு ஒளியைத் திருப்பும்போது ஒரே சாம்பல் பூச்சாகவே நிற்கும்.

நகாகோவில் கைக்காப்புக்கு அருகே சிறிய முத்திரை ஏதும் குத்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். 'ஷோவா' அல்லது 'ஸெகி' என்ற முத்திரை இருந்தால் மரபு முறையில் செய்யாத போர்க்கால வாள் என்றே பொதுவாகக் கொள்வார்கள். நட்சத்திர முத்திரை இருந்தால் நிலைமை வேறு. அது இராணுவம் ஏற்ற கொல்லர் தமஹகானே என்னும் மரபு எஃகில் மரபுப்படி செய்தது, அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இளவேனில்

விரிவான விளக்கங்களுக்கு நன்றி. முத்திரை எதுவும் இல்லை. எழுத்துகள் என்னை நோக்கியே இருக்கின்றன, மேல்துளைக்கு ஒட்டித் தொடங்கிக் குறைவின்றி முடிகின்றன. மேல்துளை சீரான வட்டம், கீழ்த்துளை கோணலாக இருக்கிறது. விளக்கின் கீழ் பார்த்தால் ஹமோன் ஓரத்தில் துகள்கள் மினுங்குகின்றன. அலகின் பரப்பில் மரப்பலகையின் சுழிகளைப் போன்ற பெரிய ரேகைகளும் தெரிகின்றன.

பதில் (உலைக்களம்)

நல்ல செய்தியும் மற்றதும் சேர்ந்தே வந்திருக்கின்றன. மினுங்கும் துகள்களும் மடித்தடித்த எஃகின் ரேகைகளும் இருப்பதால், இது மரபு முறையில் செய்த உண்மையான வாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தடஹிரோவின் கை இதில் இல்லை என்றே கருதுகிறேன், அதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

ஹிஸென் கொல்லர்கள் நீண்ட வாள்களில் தங்கள் பெயரைத் தாச்சி என்னும் பழைய வகை வாளுக்குரிய பக்கத்தில், அதாவது நீங்கள் பிடித்த நிலையில் மறுபக்கத்தில், வெட்டுவதே வழக்கம். அக்காலத்துக் கொல்லர்களில் பெரும்பாலோர் உங்கள் வாளில் உள்ள பக்கத்தில் வெட்டினார்கள், இவர்கள் அதற்கு விலக்கு. இரண்டாவதாக, ஹிஸென் எஃகின் பரப்பு தவிட்டைத் தூவியதுபோல மிக நெருக்கமாக இருக்கும், பெரிய சுழிகள் அதற்குப் பொருந்தாது. மூன்றாவது காரணமே எனக்கு வலுவானதாகப் படுகிறது. நீளமான வாளைக் குறுக்கும்போது அடிப்பகுதியைத்தான் வெட்டி எடுப்பார்கள், பிறகு மேலே புதிய துளை போடுவார்கள். கோணலான கீழ்த்துளை பழையது என்றால், மூலக் கையொப்பம் அதன் அருகே தொடங்கி, வெட்டியபோது பாதியாவது போயிருக்க வேண்டும். உங்கள் கையொப்பமோ புதிய துளைக்கு அளவாக முழுமையாக நிற்கிறது. அதாவது, குறுக்கிய பிறகு, பெயரிழந்த வாள் ஒன்றில் யாரோ வெட்டியது.

ஆகவே உங்கள் வாள் கையொப்பத்தில் சொல்லும் தடஹிரோவின் காலத்துக்கும் முந்தையதாகக்கூட இருக்கலாம். எந்தக் காலம், எந்த மரபு என்பதை முனையின் வடிவம், வளைவு, ஹமோனின் போக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துப் பார்ப்பவரே சொல்ல முடியும்.

பதில் (நீர்த்தோய்வு)

மதிப்பீட்டைப் பற்றிச் சிறிது. 1948இல் டோக்கியோவில் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம், 'ஹோஸோன்' முதல் 'தொகுபெட்ஸு ஜூயோ' வரை படிநிலைச் சான்றுகள் அளிக்கிறது. போலிக் கையொப்பம் உள்ள வாளுக்கு அது சான்று தராது. அதற்காகவே சிலர் கையொப்பத்தை அரம் போட்டு அழித்துவிடுகிறார்கள். வல்லுநர் ஒருவர் நேரில் பார்க்கும் முன் அதைச் செய்ய வேண்டாம், அழித்ததை மீட்க முடியாது. வாள் மீண்டும் ஜப்பானுக்குள் போக வேண்டுமானால் அங்கே பதிவு செய்தாக வேண்டும். மரபுப்படி செய்த வாள் மட்டுமே பதிவாகும்.

சாணை பிடிப்பவரிடம் கொடுப்பது பற்றி யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள். முறையாகப் பயின்ற மெருகுக் கலைஞர் கற்களால் நெடுநாள் பொறுமையாகச் செய்யும் வேலை அது, நடுத்தரமான வாளின் விலையையே மிஞ்சும் செலவும் ஆகும். ஆகவே அதற்குமுன் வெட்டுவாயில் குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் பாருங்கள். ஹாகிரே எனப்படும் அந்த விரிசல் ஒன்று இருந்தாலும் வாளுக்குப் பெரும் குறை. அது இல்லையென்றால், அலகை வெறும் விரலால் தொடாமல் மெல்லிய துணியால் துடைத்து, கிராம்பு எண்ணெயை மிகச் சிறிதளவு தடவி வையுங்கள். பிறகு முனையின் அருகாமைப் படம் ஒன்றையும், நகாகோவின் இரு பக்கப் படங்களையும் இங்கே இடுங்கள்.